அம்மணிக்கு ஒரு தொட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்னைத் திட்டுவீர்கள். இருபத்தெட்டு வருஷமாக ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் பழுது பார்க்கிறேன். தொழிலில் எனக்குப் பெயரே கொதிப்பு. கொதிப்பைக் கூப்பிடு, ரெண்டு திட்டு திட்டுவார், ஆனால் மெஷின் ஓடும் என்பார்கள். ஊரையெல்லாம் குளிர வைக்கிற மனுஷனுக்குத் தலை மட்டும் ஏன் ஆறுவதே இல்லை என்று என் மைத்துனன் கேட்பான். நான் ஓசியில் மாட்டிக் கொடுத்த ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பான்.

என் மனைவி எனக்கு நேர் எதிர். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பதினான்கு வருஷமாக வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். பல்வலியோடு வருகிறவர்கள் டாக்டரிடம் பணிவாகத்தான் இருப்பார்கள். எரிந்து விழுவதெல்லாம் இவளிடம்தான். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு இது வேண்டும் என்று என்னிடம் அவள் கேட்டதும் இல்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் கேட்டாள்.

கிளினிக்கின் கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி உண்டு. உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், நடுவில் ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி. பூ இல்லை, உயிர். பாறையில் காலை ஊன்றிக்கொண்டு, நூறு விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும். பதினோரு வருஷமாக அதற்குச் சாப்பாடு போட்டது என் மனைவிதான். மூன்று நாளைக்கு ஒருமுறை, பல் டாக்டரின் இடுக்கியால் இறால் துண்டு ஒன்றை எடுத்து நீட்டுவாள். அது மெல்ல வாங்கிக்கொள்ளும். அதற்கு அவள் வைத்த பெயர் அம்மணி. மீன்களில் பெரியதுதான் பெண்ணாம், சின்னது ஆணாம், பெரியவள் துரத்துகிற பக்கமெல்லாம் சின்னவன் ஓட வேண்டுமாம். நம் வீட்டிலும் அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பாள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுக் கிளினிக்கைக் கைமாற்றிவிட்டார். புதிய டாக்டர் கூடத்தை இடித்துக் கட்டப்போகிறார். தொட்டி இருக்கும் இடத்தில் பெரிய டி.வி. வருமாம். ஆறு வாரத்தில், ஒரு சனிக்கிழமை, தொட்டியைக் காலி செய்ய வேண்டும். வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரம்மா எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் அம்மணியைக் கடையில் வைத்துக்கொள்ள முடியாது, அங்கே இருக்கும் மீன்கள் கடித்துவிடும், யாருக்காவது விற்றுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"நாம வீட்ல ஒரு சின்னத் தொட்டி வச்சுக்கலாமாங்க?" என்று கேட்டாள் என் மனைவி. கேட்டுவிட்டு உடனே துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்தாள், நான் வேண்டாம் என்றால் கேட்காதது போல் இருந்துவிடலாம் என்று. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வைக்கலாம், ராஜாத்தி மாதிரி வைக்கலாம் என்றேன்.

மறுநாளே இருவரும் மீன் கடைக்குப் போனோம். கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல் இருக்கும், சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருக்கும். நான் போனதும் போகாததுமாக, மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு குட்டித் தொட்டியைக் காட்டி இது போதும் என்றேன். சின்னத் தொட்டிதான் கஷ்டம், கொஞ்சம் தண்ணீர் சட்டென்று கெட்டுவிடும், சட்டென்று சூடாகும், குறைந்தது நூறு லிட்டராவது வேண்டும் என்று அவர் சொன்னார். முதல் பந்திலேயே நான் அவுட். அப்போதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிறகு விளக்கு, தண்ணீரைச் சுழற்றும் பம்பு, அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர், உப்பு அளக்கும் கருவி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் குளிரூட்டும் பெட்டிக்கு வந்தார். கிளினிக்கில் நாள் முழுக்க ஏ.சி. ஓடும், எங்கள் வீடோ மேல்மாடி, மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் அடுப்பு மாதிரி காயும். அம்மணிக்கு இருபத்தாறு டிகிரி வேண்டும். ரெண்டு டிகிரி ஏறினால் வாடும், நாலு டிகிரி ஏறினால் போய்விடும்.

குளிர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஏம்மா, இருபத்தெட்டு வருஷமாக நான் பண்ணுகிற வேலையே அதுதான், அந்தப் பெட்டியை உள்ளே வையுங்கள், நானே செய்துகொள்கிறேன் என்றேன். தாராளமாகச் செய்யுங்கள் என்றவர், ஒன்று மட்டும் சொன்னார்.

"உப்புத் தண்ணில இரும்பு, செம்பு, பித்தளை எதுவும் படக் கூடாதுங்கண்ணே. முக்கியமா செம்பு."

அந்த நேரம் பார்த்து என் மனைவி அடுத்த வரிசையில் மீன்களைப் பார்க்கப் போயிருந்தாள். சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது. காதில் விழவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது பச்சைப் பொய்.

இதில் என் தொழில்காரன் எவனாக இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்பான். செம்பு எங்களுக்குச் சோறு போடுகிற உலோகம். குளிரைத் தூக்கிக்கொண்டு ஓட அதை விட்டால் ஆள் கிடையாது. துருப் பிடிக்காது, வளைத்தால் வளையும், பற்றவைத்தால் ஒட்டும். குடிக்கிற தண்ணீரே செப்புக் குழாயில் வருகிறது. அது போய் ஒரு மீனை என்ன செய்யும்? கடையில் ஆயத்தமாக விற்கிற குளிரூட்டும் பெட்டியை என் தலையில் கட்டுவதற்கு இந்த அம்மா பூச்சாண்டி காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறையில் ஒரு பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரஸர் கிடந்தது. அதைத் துடைத்து ஓட்டிப் பார்த்தேன், பூனை உறுமுகிற சத்தம்கூட இல்லை. பிறகு மெல்லிய செப்புக் குழாய் எடுத்து, ஒரு இடத்தில்கூட நசுங்காமல், கையாலேயே இருபத்திரண்டு சுற்றுச் சுற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான சுருளை நான் சுற்றியதில்லை. யாருக்கோ வேலை செய்யும்போது மணியைப் பார்த்துக்கொண்டே செய்கிறோம். அன்று மணியையே பார்க்கவில்லை. கடைக்காரம்மா சொன்னது மட்டும் மனசின் ஓரத்தில் உறுத்தியது. அதற்காக இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்தேன். தண்ணீரில் செம்பு படவில்லை, வார்னிஷ்தானே படுகிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

தொட்டி வந்தது. உப்புத் தண்ணீர் நிரப்பினோம். கிளினிக் தொட்டியிலிருந்து நான்கு கற்களை வாளியில் கொண்டுவந்து வைத்தோம். கல்லில் ஊறியிருக்கும் நுண்ணுயிர்தான் தண்ணீரைச் சுத்தமாக வைக்குமாம். தொட்டியின் பின் அறையில் என் சுருளை இறக்கினேன். விளக்கு வெளிச்சத்தில் அது தகதகவென்று மின்னியது. அழகா இருக்குங்க என்றாள் மனைவி. என் உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்று வாரம் இருபத்தாறு டிகிரி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது, உள்ளே முள் அசையவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லோரையும் பிடித்து இழுத்துத் தெர்மாமீட்டரைக் காட்டினேன். மைத்துனன் மூன்று முறை பார்த்துவிட்டு, மாமா, எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்றான்.

அம்மணி வரவேண்டிய சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, முன்னோட்டமாக ஐந்து நத்தைகளை வாங்கி விட்டோம். கண்ணாடியில் ஏறிப் பாசியைத் தின்னும் நத்தைகள். அவை ஏறவில்லை. திங்கட்கிழமை காலையில் ஐந்தும் மல்லாந்து கிடந்தன. என் மனைவி இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். சாயங்காலம் மறுபடியும் விழுந்து கிடந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் நாற்றம் வந்துவிட்டது.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. இன்னும் நாலு நாள்தானே இருக்கு என்று மட்டும் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். செத்துப்போகிற நத்தையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார் அந்த அம்மா என்று, ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் ஒரு பையில் ஐந்து நத்தைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தேன்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஏமாற்று வேலை என்றேன், ஒரு பாவமும் அறியாத பொம்பளையை அழ வைத்துவிட்டீர்கள் என்றேன். மீன் வாங்க நின்ற ஒருவர் வாங்காமலே நகர்ந்தார். கடைக்காரம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, விரலளவு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, ஏதோ ஒரு மருந்தில் சில சொட்டு விட்டுக் குலுக்கினார். தண்ணீர் நிறம் மாறியது. தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி, ஒரு நிற அட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிறமே இருக்கக் கூடாத தண்ணீர், அட்டையின் கடைசிக் கட்டத்தில் போய் நின்றது.

"உள்ள என்னண்ணே போட்டிருக்கீங்க?"

அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். செப்புச் சுருள்தான், ஆனால் வார்னிஷ் அடித்தேன் என்று முனகினேன். உப்புத் தண்ணீரில் வார்னிஷ் எத்தனை நாள் நிற்கும் என்று அவர் கேட்கக்கூட இல்லை. குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். மீனுக்கு நோய் வந்தால் மருந்தாக விடுவதே செம்புதானாம், மீன் தாங்கிக்கொள்ளும். நத்தை, இறால், அம்மணி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது துளி இருந்தாலும் விஷம். கல்லும் மணலும் கண்ணாடியை ஒட்டிய பசையும் எல்லாம் அதைக் குடித்திருக்கும். கழுவினால் போகாது. அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. வாசலில் என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டாளாம்.

"நானே போய் அவங்ககிட்ட நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். இப்படியா கொடுப்பாங்க? அம்மணியை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள். பதினான்கு வருஷமாக ஊரார் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டவள், முதன்முதலாகச் சண்டை போடக் கிளம்புகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பழி கடைக்காரம்மா மேல் போய்விடும். அப்படிச் செய்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"போகாத. அவங்க மேல தப்பில்ல," என்றேன். "சுருள்தான். செம்பு ஆகாது."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க என்ன கண்டீங்க?"

"முதல் நாளே சொன்னாங்க. நான்தான் காதுல போட்டுக்கல."

அவள் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள், ஒன்றன் பின் ஒன்றாக.

"தெரிஞ்சும் அம்மணிக்கு வச்சீங்களா?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. அவள் உள்ளே போய்ச் சமையலறை விளக்கைப் போட்டாள். அவ்வளவுதான்.

புதன்கிழமை அவள் கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். நீங்களே எடுத்துக்குங்க, நல்லா பாத்துக்கிறவங்களா பாத்துக் கொடுங்க, மூணு நாளைக்கு ஒரு தடவை சாப்பாடு, சின்னத் துண்டா வெட்டித் தரணும் என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. நான் பட்டறைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். ஆம்பளை அழுதேன் என்று சொல்ல எனக்கொன்றும் வெட்கம் இல்லை. அவள் கேட்டதே ஒன்றே ஒன்று. அதையும் என் வீம்பால் கெடுத்தேன்.

அன்றைக்கே தொட்டியைக் காலி செய்தேன். கல், மணல், கண்ணாடி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். சுருளை வெளியே எடுத்தபோது வார்னிஷ் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது, அடியில் பச்சை பூத்திருந்தது.

வியாழக்கிழமை மீன் கடைக்குப் போனேன். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். நாலு பேர் முன்னால் பேசியதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி வாங்க வேண்டும். தப்பு என் மேல்தான், அன்றைக்குப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைக்காரம்மா துணியில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தொட்டி வைக்க இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். கடையில் ஓடிப் பழகின தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது, கிளினிக்கில் மிச்சக் கற்களும் பழைய தண்ணீரும் இருக்கின்றன, மனசு வைத்தால் சனிக்கிழமைக்குள் முடியும் என்றார். உடனே எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

"உங்களுக்குத் தனியா ஒரு ஸ்க்ரூகூட விக்க மாட்டேன். வீட்டுக்காரம்மாவோட வாங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஒரே ஒரு தடவை வா, எல்லாவற்றையும் நீயே பார்த்து எடு, நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றேன். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"வாயைத் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் நான் கூடையோடு நின்றேன், அவள் ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்துக் கேட்டாள். இதற்குள் இருக்கும் ஸ்க்ரூ என்ன உலோகம்? இந்த விளக்குச் சூடு தண்ணீருக்கு இறங்குமா? அம்மணிக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் பாறையை விட்டு நடக்க ஆரம்பித்துவிடுவாள், அப்படி நடந்து பம்புக்குப் பக்கத்தில் போனால் உள்ளே இழுத்துவிடாதா? கடைக்காரம்மா பம்பின் வாயில் மாட்டுகிற பஞ்சு உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். இதெல்லாம் எனக்குத் தோன்றியே இருக்காது. நான் குளிரை மட்டும் பார்த்தேன். அவள் அம்மணியைப் பார்த்தாள்.

தெர்மாமீட்டர் இருந்த இடத்துக்கு வந்தாள். இரண்டு எடுத்தாள்.

"ஒண்ணு இவருக்கு. ஒண்ணு எனக்கு," என்று கடைக்காரம்மாவிடம் சொன்னாள். இனி நானே பார்த்துக்கொள்வேன் என்று அதற்கு அர்த்தம். சுருக்கென்றது. தலையைக் குனிந்துகொண்டு கூடையில் வாங்கிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

கடைசியாகக் குளிரூட்டும் பெட்டி. கடைக்காரம்மா கேட்காமலே அலமாரித் தட்டிலிருந்து ஆயத்தப் பெட்டியை இறக்கி மேஜைமேல் வைத்துத் தூசி தட்டினார். என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பின்னால் திருப்பினாள், முன்னால் திருப்பினாள். பிறகு மெதுவாக அதைக் கடைக்காரம்மா பக்கமே நகர்த்தினாள்.

"இது வேணாங்க. குளிர் இவர் செய்வார்."

கடைக்காரம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"மூணு வாரம் கால் டிகிரி ஏறல, இறங்கல," என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே. "அதுல இவரை மிஞ்ச ஆள் கிடையாது. எதுல செய்யணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க. இந்தத் தடவை கேட்டுக்குவார்."

வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவளைப் பார்த்தேன், அவள் லேசாகத் தலையாட்டினாள். இருபத்தெட்டு வருஷத்தில் என் தொழிலைப் பற்றி யாரிடமும் கேட்காத ஒன்றை நான் கேட்டேன்.

"எந்த உலோகம் போடணும்மா?"

டைட்டானியம் என்றார். அந்தச் சுருளை நான் சுற்ற முடியாது, சுற்றியதாகத்தான் வாங்க வேண்டும். என் செம்பெல்லாம் தண்ணீருக்கு வெளியே, கம்ப்ரஸர் பக்கத்தோடு நின்றுகொள்ள வேண்டும். சொன்னதைச் சொன்னபடி ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். படித்துக் காட்டி, சரிதானா என்றும் கேட்டுக்கொண்டேன். கடைத் தொட்டியையும் கிளினிக்கின் கற்களையும் பழைய தண்ணீரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரியோடு ராத்திரியாக அந்தச் சுருளை என் கம்ப்ரஸரோடு பூட்டினேன்.

சனிக்கிழமை கிளினிக்கில் சுவர் இடிக்கிற ஆட்கள் சுத்தியலோடு வந்து நிற்கையில், அம்மணியையும் கோமாளி மீன்கள் இரண்டையும் ஒரு வாளியில் வைத்து என் வேனில் ஏற்றினோம். வாளியை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவா, மெதுவா என்றாள். அதைவிட மெதுவாக ஓட்டினால் வண்டி நின்றுவிடும். அதைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் அம்மணி மூடிய கை மாதிரி சுருங்கியே கிடந்தாள். கோமாளிகள் இரண்டும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தன. பொறுங்கள் என்றார் கடைக்காரம்மா. செவ்வாய்க்கிழமை காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி கூப்பிட்டாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. சின்னவன் முதலில் உள்ளே போனான், பெரியவள் அவனைத் துரத்திவிட்டுத் தான் படுத்துக்கொண்டாள். என் மனைவி இடுக்கியால் இறால் துண்டை நீட்டினாள். அம்மணி வாங்கிக்கொண்டாள்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. தினமும் காலையில் முதல் வேலையாகத் தெர்மாமீட்டரைப் பார்க்கிறேன். இருபத்தாறு. போன வாரம் கண்ணாடி துடைக்கத் துணி தேடித் தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்தேன். அவளுக்கென்று வாங்கின தெர்மாமீட்டர், உறைகூடப் பிரிக்காமல், அங்கேயே இருந்தது.